பெட்ரோலில் எத்தனால்: சட்டம் யாரைக் கட்டாயப்படுத்துகிறது?

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் விற்பனைக்கு வந்ததிலிருந்து அங்குள்ள சொந்தக்காரர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் வீடியோக்கள் டர்பன் வரை வந்து சேர்கின்றன. மைலேஜ் போய்விட்டது, எஞ்சின் கெட்டுவிடும் என்று ஒரு பக்கம். விவசாயிக்கு நல்ல காலம், நாட்டுக்கு டாலர் மிச்சம் என்று இன்னொரு பக்கம். இதையெல்லாம் பார்த்துவிட்டு டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கேட்கிறார்கள்: "நம்ம பெட்ரோல்லயும் கலக்கிறாங்களா? இங்கேயும் சட்டம் இருக்காமே?"

தென்னாப்பிரிக்காவில் சட்டம் 2012 முதலே இருக்கிறது. ஆனால் அதன்படி நாடு முழுக்கக் கலக்கும் ஏற்பாடு இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்பது புரிந்தால், கலப்புக் கட்டாயம் என்ற ஏற்பாடே புரிந்துவிடும். கரும்பை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் நேட்டால் கரையோரத்தில் இதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லதல்ல என்பதால் அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

கட்டாயம் யாருக்கு?

நாம் வாங்கும் மீலி மாவையும் (மக்காச்சோள மாவு) ரொட்டி மாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2003 அக்டோபர் முதல் இந்த நாட்டில் அவற்றில் வைட்டமின் ஏ, இரும்புச்சத்து, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் முதலியவற்றைக் கலந்துதான் விற்க வேண்டும். கடையில் மாவு வாங்குகிறவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. கடைக்காரர் கலப்பதில்லை. பொறுப்பு முழுவதும் மாவு மில்லின் தலையில். அதோடு இன்னொன்றும் நடக்கிறது: வைட்டமின் கலவை தயாரிப்பவருக்கு நிச்சயமான வாடிக்கையாளர் கிடைத்துவிடுகிறார். மில் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாங்கியே ஆக வேண்டும்.

எரிபொருள் கலப்புக் கட்டாயமும் இதே அமைப்புதான். எண்ணெய் நிறுவனம் விற்கும் பெட்ரோலிலும் டீசலிலும் இவ்வளவு சதவீதம், பயிரிலிருந்தோ கழிவிலிருந்தோ தயாரான எரிபொருள் இருக்க வேண்டும் என்று அரசு விதிக்கிறது. இப்படித் தயாராகும் எரிபொருளுக்குப் பொதுப்பெயர் உயிரி எரிபொருள். நிலத்தடியிலிருந்து எடுத்தால் தீர்ந்துபோகும் கச்சா எண்ணெய்க்கு மாறாக, இது பருவத்துக்குப் பருவம் மறுபடி விளையும். அதனால் புதுப்பிக்கத்தக்கது என்கிறார்கள்.

ஆனால் மாவில் கலக்கும் வைட்டமின் மிகச் சிறிய அளவு. விலையை அவ்வளவாகத் தொடாது. பெட்ரோலில் சேரும் எத்தனாலோ பெட்ரோலின் ஒரு பகுதியையே இடம் பெயர்க்கிறது. 10 சதவீதம் கலந்தால் 50 லிட்டர் டாங்கில் 5 லிட்டர் பெட்ரோலே இல்லை. அந்த 5 லிட்டருக்கு யார் என்ன விலை கொடுப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. இந்த ஏற்பாட்டின் எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆக, கலப்புக் கட்டாயம் வண்டி ஓட்டுகிறவருக்குப் போடும் உத்தரவு அல்ல. எரிபொருள் விற்பவரை வாங்க வைத்து, விளைவிப்பவருக்கும் ஆலைக்கும் சந்தையை உறுதி செய்வதே அதன் வேலை.

என்ன கலக்கிறார்கள்?

பெட்ரோலில் கலப்பது எத்தனால். சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால்தான். கரும்புச் சாறில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். சாறே வேண்டும் என்பதில்லை. சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கருப்பான கெட்டிப் பாகு, அதாவது மொலாசஸ், போதும். புளித்து முடிந்த கரைசலில் பத்து சதவீதம் அளவுக்குத்தான் ஆல்கஹால் இருக்கும். அதைக் காய்ச்சி வடிக்க வேண்டும். எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் 95 சதவீதத்தைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றுவிடும். மீதித் தண்ணீர் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரையும் தனியாக வடிகட்டி எடுத்தால்தான் பெட்ரோலில் கலக்க முடியும். இந்தக் கடைசிப் படி செலவு பிடிக்கும் படி.

ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் 70 முதல் 80 லிட்டர் வரை கிடைக்கும். மொலாசஸிலிருந்து மட்டும் என்றால் அதே டன்னுக்குப் பத்து லிட்டர் அளவில்தான். ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கும்போது பத்து லிட்டருக்கும் மேல் கழிவுநீர் மிஞ்சும். அதை எங்கே விடுவது என்று யோசிக்காமல் ஆலை கட்டக் கூடாது.

டீசலில் கலப்பது பயோடீசல். சூரியகாந்தி, சோயா, கனோலா எண்ணெயையோ, சமோசா பொரித்து முடித்த பழைய எண்ணெயையோ மெத்தனாலோடு சேர்த்து, வினையைத் தூண்ட ஒரு காரத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சூடாக்கினால், அடியில் கிளிசரின் தங்கும். மேலே மெல்லிய மஞ்சள் திரவம் நிற்கும். அந்தத் திரவத்தைக் கழுவிச் சுத்தம் செய்தால் பயோடீசல். சமையல் எண்ணெயை அப்படியே டீசல் டாங்கில் ஊற்றுவது வேறு விஷயம். அதைச் செய்ய வேண்டாம். எண்ணெய் கெட்டியானது, எரிபொருளைத் தெளிக்கும் பகுதிகளை அடைத்துவிடும்.

கலப்பின் அளவைச் சொல்ல ஒரு குறியீடு உண்டு. இ10 என்றால் 10 சதவீதம் எத்தனால், 90 சதவீதம் பெட்ரோல். பி5 என்றால் 5 சதவீதம் பயோடீசல். எல்லாம் கன அளவில், எடையில் அல்ல.

கலப்படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

பெட்ரோல் பங்குக்கு இங்கே கராஜ் என்று பெயர். "கராஜில் கலந்து விற்கிறார்கள்" என்று நம்மிடையே பேசும்போது இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகிவிடுகின்றன. 2024இல் இந்த நாட்டு அரசு பல கராஜ்களில் சோதனை செய்தபோது டீசலில் மண்ணெண்ணெய் சேர்த்து விற்றது வெளிவந்தது. அது திருட்டு. டீசல்மீது எரிபொருள் வரி இருக்கிறது, இங்கே பாரஃபின் என்று சொல்லும் அந்த மண்ணெண்ணெய்க்கு அது இல்லை. அந்த வித்தியாசத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதற்காகச் செய்வது. உயிரி எரிபொருள் கலப்போ அளவும் தரமும் சட்டத்தில் எழுதப்பட்டு, எண்ணெய்க் கிடங்கில் டாங்கர் லாரியில் ஏற்றும் இடத்தில் மீட்டர் வைத்துச் செய்வது.

ஏன் கிடங்கில்? எத்தனால் தண்ணீரை இழுக்கும். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை போகும் நீண்ட குழாயில் எங்காவது ஈரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் நிற்கும். அதனால் பெட்ரோல் குழாயில் தனியாக வர, எத்தனால் லாரியிலோ ரயிலிலோ தனியாக வர, கடைசி இடத்தில்தான் இரண்டும் சேர வேண்டும். ஒவ்வொரு கிடங்கிலும் இதற்கெனத் தனி டாங்கும் பம்பும் போட வேண்டும்.

இந்தத் தண்ணீர் ஆசையை வைத்தே பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடி உருளையில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடி, குலுக்கி, அசையாமல் வைக்க வேண்டும். பெட்ரோல் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நிற்கும். கீழ் அடுக்கு 10இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 17, 18 என்று ஏறியிருந்தால், பெட்ரோலிலிருந்த எத்தனால் தண்ணீருக்குத் தாவிவிட்டது. ஏறக்குறைய இ10 என்று பொருள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டட்டும். வீட்டுச் சமையலறையில், நெருப்பு இருக்கும் இடத்தில் யாரும் இதைத் தொட வேண்டாம்.

சதவீதமா, மொத்த அளவா?

உலகில் இந்தக் கட்டாயம் முக்கியமாக இரண்டு வகையில் இருக்கிறது.

ஒன்று, சதவீதக் கட்டாயம். விற்கும் பெட்ரோலில் இத்தனை சதவீதம் என்று நேராகச் சொல்லிவிடுவது. பிரேசில் 1931லேயே இதைத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் முதல் அங்கே 30 சதவீதம். நமக்குப் பக்கத்தில் மலாவி 1982 முதல் கலக்கிறது. ஜிம்பாப்வே 2013இல் கட்டாயமாக்கியது. ஆனால் கரும்பும் எத்தனாலும் கிடைப்பதைப் பொறுத்து அங்கே சதவீதத்தை ஏற்றியும் இறக்கியும் வருகிறார்கள். பெய்ட்பிரிட்ஜ் எல்லை தாண்டி ஜிம்பாப்வேக்குப் போய்ப் பெட்ரோல் போடும் நம்மவர்கள், கலந்த பெட்ரோலில்தான் வண்டி ஓட்டிவிட்டு வருகிறார்கள்.

மற்றொன்று, மொத்த அளவுக் கட்டாயம். அமெரிக்காவில் 2005இல் சட்டம் வந்து, 2007இல் விரிவாக்கப்பட்டது. நாட்டுக்கு மொத்தம் இத்தனை கேலன் என்று அளவு தீர்மானமாகி, ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலைக்கும் இறக்குமதியாளருக்கும் அவர்கள் விற்பனைக்கு ஏற்ப ஒரு பங்கு விழுகிறது. தயாராகும் ஒவ்வொரு கேலனுக்கும் ஓர் எண் உண்டு. கலந்தவரிடம் அந்த எண் சேரும். கலக்க முடியாதவர், அதிகமாகக் கலந்தவரிடமிருந்து எண்ணை விலைக்கு வாங்கி அரசிடம் காட்டலாம். ஒரு கராஜில் கலப்பு அதிகம், இன்னொன்றில் குறைவு என்றாலும் நாட்டின் கணக்கு நேராகிவிடும். ஆனால் காகிதத்தில் அளவு எழுதிவிட்டால் எரிபொருள் வந்துவிடாது. 2022க்குள் 3,600 கோடி கேலன் என்று அந்தச் சட்டம் வைத்த இலக்கை அமெரிக்கா எட்டவே இல்லை. புல், வைக்கோல் போன்றவற்றிலிருந்து வரும் என்று எதிர்பார்த்த பங்கு பெரிதாக வரவில்லை.

நம் நாட்டில் சட்டம் ஏன் படுத்துக்கிடக்கிறது?

தென்னாப்பிரிக்காவுக்கு இது புதிதே அல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே நேட்டாலில் மொலாசஸ் ஆல்கஹாலோடு ஈதர் கலந்து நேட்டாலைட் என்ற மோட்டார் எரிபொருள் விற்றார்கள். அப்புறம் மலிவான பெட்ரோல் வந்து எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டது.

இன்றைய கொள்கை 2007 டிசம்பரில் தொடங்குகிறது. முதல் வரைவில் 4.5 சதவீதம் என்று பேசியவர்கள், இறுதியில் நாட்டின் மொத்தத் திரவ எரிபொருளில் 2 சதவீதம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 40 கோடி லிட்டர் என்று அடக்கிக்கொண்டார்கள். எத்தனாலுக்குக் கரும்பும் சர்க்கரை பீட்டும் (பீட்ரூட் வகை). பயோடீசலுக்குச் சூரியகாந்தி, சோயா, கனோலா. மக்காச்சோளத்தைத் தெளிவாக விலக்கினார்கள். ஏழைகளின் அன்றாடக் களியான பப் அதில்தானே ஆகிறது. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது.

2012 ஆகஸ்டில் விதிகள் அரசிதழில் வந்தன. டீசலில் குறைந்தது 5 சதவீதம் பயோடீசல். பெட்ரோலில் 2 முதல் 10 சதவீதம் வரை எத்தனால். 2015 அக்டோபர் 1 முதல் அமல் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். அந்தத் தேதி வந்தது, போனது. 2020 பிப்ரவரியில் ஒழுங்குமுறைச் சட்டகம் ஒன்றும் அரசிதழில் வந்தது. கராஜில் ஒன்றும் மாறவில்லை.

காரணம் விலை. இங்கே பெட்ரோலின் சில்லறை விலையை அரசே தீர்மானிக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறுவது எல்லாருக்கும் தெரியும். அதன் அடித்தளம் அடிப்படை எரிபொருள் விலை என்ற கணக்கு: ஒரு லிட்டர் பெட்ரோலை வெளிநாட்டுச் சந்தையில் வாங்கி, கப்பலில் ஏற்றி, நம் துறைமுகத்தில் இறக்கினால் என்ன ஆகுமோ அது. அதன்மேல் எரிபொருள் வரி, சாலை விபத்து நிதிக்கான வரி, போக்குவரத்துச் செலவு, விற்பவர் பங்கு எல்லாம் ஏறும்.

இப்போது எண்ணெய் நிறுவனத்தின் இடத்திலிருந்து பாருங்கள். லிட்டருக்கு எத்தனால் விலை, அடிப்படை விலையைவிட இரண்டு ரேண்ட் அதிகம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சட்டம் "வாங்கு" என்கிறது. ஆனால் கராஜில் கூட்டி விற்க அனுமதி இல்லை. விலையைப் போடுவது அரசு. அப்படியானால் அந்த இரண்டு ரேண்ட் யார் கையிலிருந்து போகும்? இதற்குப் பதில் வராதவரை எந்த நிறுவனமும் கிடங்கில் தனி டாங்க் கட்டாது. டாங்க் வராதவரை எந்த வங்கியும் எத்தனால் ஆலைக்குக் கடன் தராது. ஆலை வராதவரை எந்த விவசாயியும் அதை நம்பிப் பயிர் வைக்க மாட்டார். (டீசலின் சில்லறை விலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், போட்டி இருப்பதால் ஒருவர் மட்டும் ஏற்றிவிட முடியாது.)

வித்தியாசத்தை நிரப்ப வழிகள் மூன்றுதான். அரசு தன் வரியை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால் கருவூலத்தில் அந்தப் பணத்துக்கு இடம் காலியாகும். எல்லா எரிபொருளின்மீதும் லிட்டருக்குச் சில சென்ட் கூடுதலாக வசூலித்து, ஒரு நிதியாகச் சேர்த்து, அதிலிருந்து கொடுக்கலாம்; டாக்சியில் போகிறவரும் அதைச் சுமப்பார். அல்லது விலைக் கணக்கிலேயே எத்தனாலின் விலையை ஒரு பங்காகச் சேர்த்துவிடலாம். இதுவும் வாங்குகிறவர் தலையில்தான். கச்சா எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும்போது வித்தியாசமே இருக்காது. விழும்போது பெரிதாகும். ஆண்டுக்காண்டு இப்படி ஆடும் தொகைக்கு இருபது வருடம் பொறுப்பேற்க நிதித்துறை தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் தயங்கிக்கொண்டே கட்டாயத் தேதி அறிவித்தது தவறு. தேதியை நம்பித் திட்டம் போட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. விதிகள் எழுதும்போது டர்பனின் தெற்குப் பகுதியில் இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் ஓடின. ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பின் திறக்கவில்லை. மற்றது 2022இல் நின்றது. நாம் போடும் எரிபொருளில் பெரும்பங்கு இப்போது தயாராகவே கப்பலில் வருகிறது. சுத்திகரிப்பவரை மனதில் வைத்து எழுதிய விதி, இறக்குமதி செய்பவருக்கும் ஐயமில்லாமல் பொருந்தும்படி இருந்தால்தான் இனிப் பயன்.

சுருக்கமாக, நம்மிடம் கட்டாயம் இருக்கிறது. அதன் செலவைத் தாங்கும் ஏற்பாடு இல்லை. பிரேசில், மலாவி இரண்டிலும் கரும்பு ஆலையும் விலை ஏற்பாடும் சதவீதமும் சேர்ந்தே வளர்ந்தன.

வண்டிக்கு என்ன ஆகும்?

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இ10 போட்டால் மைலேஜ் மூன்று சதவீதம் அளவுக்குக் குறையும். இ2 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை; டயரில் காற்று குறைவாக இருந்தால் இதைவிட அதிகம் போய்விடும். இந்தியாவின் இ20 பேச்சை அப்படியே இங்கே கொண்டுவருவது பொருந்தாது. நம் விதியின் உச்சமே அதில் பாதிதான். எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: ஆக்டேன் அதிகம். ஆக்டேன் என்பது, தீப்பொறியின் சுடர் வந்து சேர்வதற்கு முன் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டாமல் தாங்கும் திறன்.

கடந்த இருபது வருடங்களில் வந்த கார்களில் பெரும்பாலானவை இ10ஐத் தாங்கும். பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்பரேட்டர் வண்டி, படகு மோட்டார், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் ரப்பர் குழாய்களுக்கும், மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் டாங்குகளுக்கும்தான் கவனம் தேவை. பி5 டீசலுக்குப் பக்கி (பிக்கப்) வண்டி வைத்திருப்பவர் கவலைப்பட ஒன்றுமில்லை.

பசுமை என்று எவ்வளவு சொல்லலாம்?

கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரிமம்தான் எத்தனால் எரியும்போது திரும்பிப் போகிறது. இதை மட்டும் பார்த்தால் கணக்கு சுழியம். ஆனால் உரம், டிராக்டர் டீசல், ஆலைக்கான வெப்பம் எல்லாம் சேரும். கரும்பு ஆலை தன் சக்கையையே எரித்து நீராவி எடுப்பதால் இதில் மற்றப் பயிர்களைவிட முன்னே நிற்கிறது. காட்டை அழித்துப் பயிர் வைத்தால் எல்லாக் கணக்கும் தலைகீழாகும். பழைய பொரிப்பு எண்ணெயில் செய்த பயோடீசல்தான் இருப்பதிலேயே சுத்தமான கணக்கு. அளவு மட்டும் குறைவு.

கரும்புக்காரருக்கு இதில் என்ன?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கிய முதல் இந்தியத் தொழிலாளர்களை அழைத்து வந்ததே இந்தக் கரும்புக்காகத்தான். இன்றும் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் அறுப்புக் காலத்தில் தோட்டத்துக்குத் தீ வைத்தால் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கருஞ்சாம்பல் வந்து விழும். அந்தத் தொழில் இப்போது நெருக்கடியில் இருக்கிறது. நாடு ஆண்டுக்கு இருபது லட்சம் டன் அளவில் சர்க்கரை தயாரிக்கிறது. உள்நாட்டில் விற்காததை மலிவான உலக விலைக்கு ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கிறது. 2018இல் இனிப்புப் பானங்கள்மீது வரி வந்தபின் உள்நாட்டுத் தேவையும் சுருங்கியது.

ஏற்றுமதியாகும் அந்தக் கரும்பைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? நாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி லிட்டர் பெட்ரோல் எரிக்கிறது. அதில் 2 சதவீதம் 20 கோடி லிட்டர். சாறிலிருந்து எடுத்தால் 27 லட்சம் டன் கரும்பு வேண்டும். நாட்டில் விளைவதில் ஏழில் ஒரு பங்கு. புதிதாக ஒரு ஏக்கர்கூடத் திருத்தாமல், யார் தட்டிலிருந்தும் எடுக்காமல் செய்யக்கூடிய அளவு இது. 10 சதவீதம் என்றால் விளையும் கரும்பில் முக்கால் பங்கு போய்விடும். அதை இங்கே பேசுவதில் அர்த்தமில்லை. அதனால் 2 சதவீதத்தைக் கரும்பை வைத்துத் தொடங்கலாம் என்பதே என் கருத்து, செலவுக்கு லிட்டருக்குச் சில சென்ட் போவது தெரிந்தே.

ஒரு நிபந்தனையோடு. கட்டாயம் ஆலைக்குச் சந்தையை உறுதி செய்கிறது. சிறு விவசாயிக்குத் தானாக எதையும் உறுதி செய்வதில்லை. ஆலை எத்தனாலை என்ன விலைக்கு விற்கிறதோ அதில் கரும்பு கொடுத்தவருக்கு எத்தனை பங்கு என்று, இப்போது சர்க்கரை வருமானத்தைப் பிரிப்பதுபோல, முன்கூட்டியே எழுதியாக வேண்டும். அடுத்த முறை அமைச்சர் யாராவது புதிய தேதி அறிவித்தால், சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டைத் தேடுங்கள்: மாத விலைக் கணக்கில் எத்தனாலின் விலைக்கென்று தனி இடம் சேர்ந்திருக்கிறதா, விவசாயியின் பங்கு எழுத்தில் இருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால் 2015இல் நடந்ததே மறுபடியும் நடக்கும்.